தாத்தா கடைப் பேரேடு: பல்கலைக்கழகத்துக்கு வேண்டுமாம், நமக்கு வேண்டுமா?

பேரேட்டுப் பேரன் | வெள்ளி, இரவு 11.20

அனைவருக்கும் வணக்கம். ஐம்பத்து மூன்று வயதில் பட்டப்படிப்பில் சேர்ந்தவன் நான். பகலில் கிடங்கு வேலை, வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு. இந்தப் பருவத்தில் சிங்கப்பூரின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் எடுத்திருக்கிறேன். முதல் நாளே விரிவுரையாளர் சொல்லிவிட்டார்: "அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டு வாருங்கள். புகைப்படம் வேண்டாம், பதக்கம் வேண்டாம், பத்திரிகையில் பெயர் வந்த எதுவும் வேண்டாம்."

ஒரு சீன அம்மையார் பிஸ்கட் டின் நிறைய அடகுச் சீட்டுகளைக் கொண்டு வந்தார். நான் தாத்தாவின் மளிகைக் கடைப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்கு வெளியே, பழைய சோங் பாங் கிராமத்தில் இருந்த கடை. 1966இல் தொடங்கி 1971 வரை எழுதியிருக்கிறார். நீளவாக்கில் தைத்த புத்தகம், சிவப்புத் துணி அட்டை, நான்கு மூலையிலும் பூசை மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொத்தம் ஆறு புத்தகங்கள் இருந்தன. வீவக அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது அம்மா ஐந்தைப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். ஆறாவது அரிசிப் பானைக்கு அடியில் இருந்ததால் பிழைத்தது.

இப்போது அதை வைத்துக் கட்டுரை எழுத வேண்டும். முதல் ஐம்பது பக்கத்தைக் கணினியில் ஏற்றி யார் என்ன வாங்கினார் என்று அட்டவணை போட்டேன். வேடிக்கை என்னவென்றால், எல்லாரையும்விட அதிகமாக வாங்கியவரின் பெயர்தான் எனக்குப் புரியவில்லை. ஒரே எழுத்து, அதுவும் சுருண்ட எழுத்து: ௸. அரிசி, மண்ணெண்ணெய், சவுக்காரம், டின் மீன், எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பக்கத்துக்குப் பத்து முறை வருகிறார். 'அடையாளம் தெரியாத பெரிய வாடிக்கையாளர்' என்று அவருக்கு மட்டும் தனி வரைபடம் போட்டு வகுப்பிலும் காட்டிவிட்டேன். ஒரு பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன். பழைய கணக்கெழுத்து தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இதை ஆவணக் காப்பகத்திடம் கொடுத்துவிடலாமே என்று விரிவுரையாளர் கேட்கிறார். கொடுக்கலாமா?


சிராங்கூன் வாத்தியார் | சனி, காலை 6.05

தம்பி, நான் சிரித்த சிரிப்பில் பேத்தி தூக்கம் கலைந்து ஓடி வந்துவிட்டாள்.

அவர் வாடிக்கையாளர் அல்லர். அது 'மேற்படி'. மேல் வரியில் உள்ள ஆளே இதையும் வாங்கினார் என்று பொருள். மேற்படியாருக்கு வரைபடம் போட்ட முதல் வரலாற்று மாணவர் நீங்களாகத்தான் இருக்கும்!

கூடவே இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம். ௶ பற்று, ௷ வரவு. பற்று என்றால் அவர் கொண்டு போனது, வரவு என்றால் அவர் கட்டியது. பேரேட்டின் முதல் பக்கத்தில் ஒன்று என்று எழுதாமல் 'லாபம்' என்று எழுதியிருப்பார், பார்த்துக்கொள்ளுங்கள். அளக்கும்போதுகூட நம் வியாபாரிகள் 'லாபம், இரண்டு, மூன்று' என்றுதான் எண்ணுவார்கள். அதைத் தாத்தாவின் இலாபக் கணக்கு என்று எண்ணி இன்னொரு வரைபடம் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் பேரேடு என்று சொல்வது முழுவதும் பேரேடு அல்ல என்பது என் ஊகம். பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் இருக்கும், ௸ இத்தனை முறை வராது. அன்றன்று நடந்ததை வரிசையாக எழுதுவது சிட்டை. சின்னக் கடைக்காரர்கள் ஒரே புத்தகத்தை முன்பக்கம் சிட்டையாகவும், தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கம் பேரேடாகவும் எழுதுவதுண்டு. புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். இந்தக் குறிகளை ஒரு மாணவருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தேர்வில் வராது, அதனால் சொல்லவில்லை. குற்றம் என்னுடையதும்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வகுப்பு ஆங்கிலத்தில், கட்டுரை ஆங்கிலத்தில், பேரேடு மட்டும் தமிழில். 1950களில் தமிழ் முரசு நாளிதழின் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். அன்று இங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்பதற்காக. கொடுத்தவர்களில் கூலிக்காரர்கள் எத்தனை பேர்! அந்தத் துறை பின்னர் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுக் காசு கொடுத்தவர்களின் வாழ்க்கையே இன்று பல்கலைக்கழகத்தில் பாடம். படிப்பது மட்டும் தமிழில் இல்லை.


ஆய்வு மாணவி | சனி, காலை 10.48

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். ௸ எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. முதுகலையின்போது ஒரு செட்டியார் கடிதக் கட்டில் அதைப் பார்த்து, கையெழுத்தாக இருக்கும் என்று கடந்து போனவள் நான். பேரேட்டுப் பேரன் அண்ணன் வருந்த வேண்டாம்.

நான் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இந்தப் புத்தகம் ஏன் பல்கலைக்கழகத்துக்கு வேண்டும் என்பதை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நாம் பள்ளியில் படித்த சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு ஒரு மாலைபோல் இருக்கும். 1819இல் ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை, 1825இல் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து வந்த கைதிகள், பின்னாளில் இந்தியக் கைதிகள் கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், 1935இல் தமிழ் முரசு, 1943இல் நேதாஜி. எல்லாம் உண்மை. ஆனால் பூவுக்கும் பூவுக்கும் நடுவில் உள்ள நாரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கடன், வாடகை, குடி, சாதி, நோய், ஊருக்குப் பணம் அனுப்பியது.

கடந்த சில பத்தாண்டுகளில் ஆய்வு திரும்பியிருப்பது அங்கேதான். ஜேம்ஸ் வாரன் 1986இல் ரிக்‌ஷா இழுத்தவர்களைப் பற்றி எழுதியபோது அவருக்குக் கைகொடுத்தவை மரண விசாரணை ஆவணங்கள். உயிரோடு இருந்தவரை எந்தக் காகிதத்திலும் வராத மனிதர், செத்தபின் என்ன சட்டை போட்டிருந்தார், அறையில் யாரோடு தங்கினார் என்று நான்கு பக்கத்தில் வருகிறார். நம்மவர்களைப் பற்றி ராஜேஷ் ராய் 2014இல், 1819 முதல் 1945 வரையிலான இந்தியர் வரலாற்றை எழுதினார். ஜான் சாலமன் 2016இல் இங்கே தீண்டாமை மெல்ல மறைந்த கதையை ஆராய்ந்தார். 1872 முதல் 1965 வரை. தாரிணி அழகிரிசாமி கள்ளை எடுத்துக்கொண்டார். 1900 முதல் 1959 வரை கள் எங்கே விற்கலாம், யார் குடிக்கலாம் என்ற சண்டையின் வழியே நகரமும் இனமும் எப்படிப் பின்னிக்கொண்டன என்று பார்த்தார். கள்ளுக்கடையைப் பல்கலைக்கழகத்தில் பேசுவதா என்று என் மாமா முகம் சுளித்தார். அந்த முகச்சுளிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதுதான் அந்த ஆய்வே.

இவற்றுக்கெல்லாம் மூலம் பெரும்பாலும் அரசாங்கம் எழுதியது, முதலாளி எழுதியது, பத்திரிகை எழுதியது. வாங்கியவனும் விற்றவனும் தங்களுக்குள் எழுதிக்கொண்டது அபூர்வம். அதனால்தான் உங்கள் விரிவுரையாளர் கேட்கிறார், அண்ணா. அவர் ஆசைப்படுவது நியாயம்.


புதுவரவு 2009 | சனி, பகல் 1.30

தவறாக எண்ணாதீர்கள். நான் திருச்சியிலிருந்து 2009இல் வந்தவன். மளிகைக் கடைக்காரர் எழுதிய கடன் கணக்கில் அப்படி என்ன வரலாறு இருக்கிறது? அரிசி விலை தெரியும். அது அரசாங்கப் புள்ளிவிவரத்திலும் இருக்குமே. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் குடும்பத்தோடு போனோம். அருமையாக இருந்தது. கதவுச் சிற்பம், நகைகள் எல்லாம் பார்த்தோம். அங்கே வைக்கும் அளவுக்கு இது பொருளா என்பதுதான் என் ஐயம்.


பேரேட்டுப் பேரன் | சனி, மாலை 5.15

வாத்தியார் ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். புத்தகத்தைத் திருப்பினேன். பின்பக்கம் தலைகீழாகப் பேரேடு! இத்தனை நாள் கடைசிப் பக்கங்கள் காலியாகவும் கிறுக்கலாகவும் இருப்பதாக நினைத்து விட்டுவிட்டேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'லாபம்'.

புதுவரவு தம்பிக்குப் பதில் சொல்கிறேன். அரிசி விலைக்கு இந்தப் புத்தகம் வேண்டாம், சரி. ஆனால் இதைப் பாருங்கள்.

பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம். தலைப்பில் முழுப் பெயர் இல்லை. 'கிரேன் முத்து', 'ஆஸ்பத்திரி பெருமாள்', 'பட்டுக்கோட்டை', 'உயரமான சாமி' என்று தாத்தாவுக்குத் தெரிந்த பெயர். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. மாதா மாதம் சம்பளத் தேதியை ஒட்டி வரவு விழுகிறது. தீபாவளிக்கு முன்னால் பற்று வீங்குகிறது. தை மாதத்தில் மெலிகிறது. இதுவரை ஒன்றும் அதிசயமில்லை.

1968க்குப் பிறகு பக்கத்தின் முகமே மாறிவிடுகிறது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் பிரிட்டன் தன் படைகளை விரைவாக மீட்டுக்கொள்ளப்போவதாக அறிவித்தது. கப்பல் பட்டறையைச் செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஆனால் எல்லாருக்கும் அங்கே இடம் கிடைத்துவிடவில்லை. பேரேட்டில் முதலில் 'கிரேன் முத்து' பக்கத்தில் ஒரு பெரிய தொகை வரவாக விழுகிறது. ஐந்து வெள்ளி, பத்து வெள்ளியாகக் கட்டியவர், பாக்கி முழுவதையும் ஒரே நாளில் கட்டுகிறார். பணிக்கொடை வந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு குறுக்குக் கோடு. கோட்டின் மேல் தாத்தா எழுதியிருக்கிறார்: 'கணக்கு தீர்ந்தது. ஊர் போனார்.'

அடுத்த பக்கம் புரட்டினால் அதே வாசகம். அதற்கடுத்த பக்கமும். 'ரஜூலாவில் ஊர் போனார்' என்று சிலவற்றில் கப்பல் பெயரும் இருக்கிறது. இருபது பக்கத்துக்கு மேல் எண்ணினேன், பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். சில பக்கங்களில் 'ஊர் போனார், பாக்கி 14.30' என்று மட்டும் இருக்கிறது. அதற்கு மேல் கோடு போடாமல் விட்டிருக்கிறார். எப்போதாவது திரும்பி வந்து கட்டுவார் என்று நினைத்தாரோ என்னவோ.

தம்பி, தளத்திலிருந்து எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கும். ஒரு கிராமத்துத் தெரு எப்படி ஆள் ஆளாகக் காலியானது என்பதை எழுதியவர், கல்லாவில் உட்கார்ந்திருந்த இந்த மனிதர்தான்.


சிராங்கூன் வாத்தியார் | சனி, மாலை 6.40

ரஜூலா! 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டே இருந்தது. 1970களின் தொடக்கத்தில்தான் ஓய்ந்தது. என் அத்தையை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போன நினைவு இருக்கிறது. மேல்தளப் பயணிகள் பாயும் பானையுமாக ஏறினார்கள். அதற்கு மேல் எழுதினால் இழை திசைமாறிவிடும்.


தஞ்சோங் பகார்க்காரர் | சனி, இரவு 9.10

சிங்கப்பூர்த் தமிழர் என்றாலே செம்பவாங்கும் லிட்டில் இந்தியாவின் தேக்காவும்தானா? எங்கள் தஞ்சோங் பகாரை யாராவது கேட்கிறீர்களா? கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்து, துறைமுகத்தை ஒட்டிக் குடியேறிய சமூகம் எங்களுடையது. மற்ற இடங்களில் ஆண்கள் மட்டும் வந்த காலத்தில் எங்கள் ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பெண்களும் மாவரைத்து, மசாலா இடித்து விற்றுச் சம்பாதித்தார்கள். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கியது. அதே ஆட்கள்தான் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை ஏற்படுத்தினார்கள். 1982இல் அது மூடியபோது நாட்டில் வேறு தமிழ்ப் பள்ளியே இல்லை. அந்தப் பள்ளியில் படித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பாட்டி வைத்திருந்த மசாலாக் கணக்கு அரபுத் தமிழில் இருக்கிறது. தமிழ்தான், எழுத்து மட்டும் அரபு எழுத்து. வீட்டில் நான்கு தலைமுறை இருக்கிறோம், படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மகள் வாசிப்பாள் என்று பார்த்தால் அவளுக்கு எழுத்து தெரிகிறது, சொல் புரியவில்லை. எனக்குச் சொல் புரிகிறது, எழுத்து தெரியவில்லை. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஒலி சொல்ல நான் பொருள் சொல்ல, ஒரு மாலைக்கு அரைப் பக்கம் ஓடுகிறது. நேற்று 'கொத்தமல்லி' வருவதற்குள் உயிர் போய்விட்டது.

பல்கலைக்கழகம் இதைச் சொல்லிக்கொடுக்குமா என்று ஆய்வு மாணவி சொல்லட்டும்.


ஆய்வு மாணவி | ஞாயிறு, காலை 9.25

ஐயா, நீங்களும் உங்கள் மகளும் செய்வதுதான் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம். இதைவிட நல்ல செய்முறை வகுப்பை நான் பார்த்ததில்லை. உண்மையாகவே சொல்கிறேன்.

இங்கே தமிழ் மொழி, இலக்கியத்தில் பட்டம் படிக்கச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்குத் தேசியக் கல்விக் கழகம். தேசியப் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வுகளும் தமிழ் மொழி வகுப்புகளும் வரலாற்றுத் துறையும் இருக்கின்றன. ஆனால் இவை ஒன்றோடொன்று முட்டும் இடம் சிறியது. மொழி படிப்பவர் கவிதை, கதை பக்கம் போகிறார். வரலாறு படிப்பவர் ஆங்கில ஆவணத்தின் பக்கம் போகிறார். நடுவில் மளிகைக் கணக்கும் மசாலாக் கணக்கும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

அச்சிட்டவற்றுக்கு ஓரளவு விடிவு வந்துவிட்டது. 1887இல் வெளிவரத் தொடங்கிய சிங்கை நேசன், 1935இல் பிறந்த தமிழ் முரசு ஆகியவற்றின் பழைய இதழ்களைத் தேசிய நூலகத்தின் வழியாக வீட்டிலிருந்தே படிக்கலாம். 1965 முதல் 2015 வரை இங்கே வெளியான தமிழ் இலக்கிய நூல்களையும் தொண்டூழியர்களும் நூலகமும் சேர்ந்து மின்வடிவாக்கினார்கள். 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் தமிழ்ப் பேட்டிகளும் இருக்கின்றன. கையால் எழுதிய வீட்டுக் காகிதம்தான் பின்தங்கிவிட்டது. தேடுபொறிக்கு அச்செழுத்தே தடுமாற்றம். பழைய ணை, லை, றா வடிவங்கள் வந்தால் விழிக்கிறது. தாத்தாவின் கையெழுத்தைக் கொடுத்தால் அதுவும் மேற்படியாருக்கு வரைபடம் போடும்.


தளத்துப் பெண் | ஞாயிறு, மாலை 4.50

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

நான் தளத்துக் குடியிருப்பில் பிறந்தவள். சோங் பாங் கடைகள் எல்லாவற்றுக்கும் அம்மா என்னைத்தான் அனுப்புவார். கையில் பணம் இருக்காது. 'பேர் எழுதிக்கொள்ளச் சொல்' என்பார். கடையில் நாலு பேர் நிற்கும்போது அதைச் சொல்வதற்கு ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் யாரும் ஆய்வு செய்ய வேண்டாம், நானே சொல்கிறேன். கூட்டம் கலையும்வரை மிட்டாய்ப் புட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைசி ஆளாகத்தான் கேட்பேன். கடைக்காரருக்கும் அது தெரியும். என்னைப் பார்த்ததும் புத்தகத்தை எடுத்துவிடுவார், நான் வாய் திறக்கும் முன்பே.

பேரேட்டில் இருப்பது அப்பா பெயராகத்தான் இருக்கும். வாங்கியது அம்மா, தூக்கியது நான், சமைத்தது அம்மா, பாக்கிக்காகத் தோட்டைக் கழற்றியதும் அம்மா. அப்பா சம்பளத் தேதியில் கட்டினார், அதனால் பக்கம் அவர் பெயரில். அண்ணா, உங்கள் அட்டவணையில் வாடிக்கையாளர் எல்லாரும் ஆண்களா? அப்படியானால் மேற்படியாருக்கு வரைபடம் போட்டதைவிடப் பெரிய பிழை அது.

அப்பா 1971இல் ஊர் போனார். திரும்பவில்லை. நாங்கள் இங்கே நின்றுவிட்டோம். எங்களுக்குப் பாக்கி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அது இணையத்தில் வருவதை நான் விரும்பவில்லை. கடன் என்பது உங்களுக்கு ஆவணம். எங்களுக்கு மானம்.


பேரேட்டுப் பேரன் | ஞாயிறு, இரவு 8.00

அக்கா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிட்டையை மறுபடி எடுத்தேன். நீங்கள் சொன்னது உண்மை. 'பெருமாள் சம்சாரம்', 'முத்து மகள் வசம்' என்று வரிகளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. யார் கையில் சரக்குக் கொடுத்தேன் என்று தாத்தா குறித்திருக்கிறார். நான் அட்டவணை போட்டபோது அந்த ஓரக் குறிப்பை 'தேவையற்றது' என்று தள்ளிவிட்டேன். தேவையற்றது என்ற கட்டத்தில்தான் பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

கட்டுரையைத் திரும்ப எழுதப் போகிறேன்.


கிராஞ்சிக் காற்று | ஞாயிறு, இரவு 8.35

பேரேட்டு அண்ணன் வெள்ளிக்கிழமை போட்டிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் பெயருக்குப் பின்னால் உள்ள வாலைக் கவனித்தீர்களா? யார் என்ன ஆட்கள் என்று எழுதட்டுமா?


நெறியாளர் | ஞாயிறு, இரவு 8.41

எழுத வேண்டாம். பெயர்கள் தெரியும் படத்தை நீக்கிவிட்டேன். அடுத்த முறை இப்படிக் கேட்டால் கணக்கும் தீர்க்கப்படும்.


சிராங்கூன் வாத்தியார் | திங்கள், காலை 6.20

இதற்குத்தான் பயந்தேன். என் கருத்து இது: காப்பகத்துக்குக் கொடுக்கும் முன் சாதிப் பெயர்கள் இருக்கும் இடத்தில் தாளை ஒட்டி மறைத்துவிட வேண்டும். 1929 கடைசியில் பெரியார் இங்கே வந்து பேசினார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கினார்கள். அந்தத் தலைமுறை பாடுபட்டு வாலை வெட்டியது. வெட்டிய வாலைப் பல்கலைக்கழகம் எடுத்து வந்து புட்டியில் போட்டு ஊறவைக்க வேண்டுமா? கிராஞ்சிக் காற்று போன்றவர்கள் மோப்பம் பிடிக்கவா?


ஆய்வு மாணவி | திங்கள், பகல் 12.15

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாலை வெட்டினார்கள் என்பதற்குச் சாட்சியே வால் இருந்த காகிதம்தான். எல்லாக் காகிதத்திலும் மறைத்துவிட்டால், நூறு ஆண்டு கழித்து ஒருவர் வந்து, சிங்கப்பூரில் தமிழர்களிடையே சாதியே இருந்ததில்லை என்பார். சீர்திருத்தச் சங்கம் காற்றோடு சண்டை போட்டதாக ஆகிவிடும். சாலமனின் ஆய்வு மெல்ல மறைந்ததைப் பற்றியது. மறைந்ததைப் படிப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல.

இந்தப் பேரேட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அண்ணன் சொன்ன பெயர்களில் பெரும்பாலானவை வேலையாலும் ஊராலும் வந்தவை. கிரேன், ஆஸ்பத்திரி, பட்டுக்கோட்டை. சிலருக்கு மட்டும் வால். யாருக்கு வால் எழுதினார், யாருக்கு எழுதவில்லை, 1966இல் எழுதியதை 1970இல் விட்டுவிட்டாரா? ஒரு கடைக்காரரின் பேனா எப்போது எழுத மறந்தது என்று தெரிந்தால், மேடைப் பேச்சு தெருவுக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று தெரியும். மேடைப் பேச்சுகள் பத்திரிகையில் இருக்கின்றன. தெரு இதில்தான் இருக்கிறது.

தளத்துப் பெண் அக்காவின் பேச்சுக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. காப்பகத்துக்குக் கொடுப்பது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. கொடுப்பவர் நிபந்தனை வைக்கலாம். இத்தனை ஆண்டுகள் மூடி வைக்க வேண்டும், பார்ப்பவர் அனுமதி கேட்க வேண்டும், பெயரை வெளியிடக் கூடாது என்று எழுதிக் கொடுக்கலாம். ஆய்வாளர்கள் பெயரை மாற்றி எழுதுவது வழக்கம்தான். என் ஆய்விலும் பாதிப் பேர் நான் வைத்த பெயரில்தான் வாழ்கிறார்கள்.


சிராங்கூன் வாத்தியார் | திங்கள், பகல் 2.00

யோசிக்கிறேன். ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


புதுவரவு 2009 | திங்கள், இரவு 10.30

சனிக்கிழமை நான் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதோடு ஒரு சந்தேகம். நானும் வந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது. எங்கள் முதல் வீட்டில் ஆறு பேர் தங்கியிருந்தோம். காய்கறி, வாடகை, மின்கட்டணம் எல்லாவற்றையும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தாளில் எழுதுவோம். யார் எவ்வளவு தர வேண்டும் என்று. மாதக் கடைசியில் கிழித்துப் போட்டுவிடுவோம். கடைசி மாதத் தாள் மட்டும் ஏதோ நினைவில் என் சான்றிதழ்க் கோப்பில் இருக்கிறது. அதில் 'ரவி: ஊர் போய்விட்டான், டிசம்பர் பங்கு கழிக்க' என்று இருக்கிறது. நேற்று இரவு எடுத்துப் பார்த்தேன். அதை வைத்திருக்கலாமா?


தஞ்சோங் பகார்க்காரர் | திங்கள், இரவு 10.52

வைத்திருங்கள் தம்பி. காராங்குனிக்காரர் கண்ணில் படாமல் வைத்திருங்கள். அரிசிப் பானைக்கு அடியில் வைத்தால் உத்தரவாதம்.


பேரேட்டுப் பேரன் | புதன், இரவு 11.05

இன்று வகுப்பில் மேற்படியாரின் கதையைச் சொல்லிவிட்டேன். விரிவுரையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பலகையில் ௸ என்று பெரிதாக எழுதச் சொல்லி, எல்லாரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். அடகுச் சீட்டு அம்மையார் தன் சீட்டுகளில் உள்ள கிறுக்கெழுத்தைப் பற்றிச் சொன்னார். அடகுக்கடைக்காரர்கள் வேண்டுமென்றே மற்றவர்களுக்குப் புரியாமல் எழுதுவார்களாம். அவரும் படிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். எங்கள் இருவருக்கும் ஒரே வீட்டுப்பாடம்.

காப்பகத்துக்குக் கொடுப்பது பற்றி வீட்டில் பேசினேன். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஐந்தை எடைக்குப் போட்டபோது யாரும் கேட்கவில்லை, ஆறாவதுக்கு ஏன் இத்தனை கூட்டம்?" ஆனால் பிறகு அவரே புத்தகத்தைத் துடைத்து, புது மஞ்சள் துணியில் சுற்றி வைத்தார். கொடுப்பதற்கா, வைத்துக்கொள்வதற்கா என்று நான் கேட்கவில்லை.

அக்கா, உங்கள் அனுமதி இல்லாமல் நான் தேடவில்லை. உங்கள் அப்பா பெயரை நீங்கள் சொல்லவும் இல்லை.


தளத்துப் பெண் | வியாழன், காலை 7.15

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். அவரைப் பார்த்திருப்பேன் என்று நினைக்கிறேன். கடைக்குப் பின்னால் மாவாட்டும் கல் பக்கத்தில் இரட்டைச் சடையோடு ஒரு பெண் இருப்பார்.

பெயரை இங்கே எழுதமாட்டேன். தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். பேரேட்டில் அவரை 'வெல்டர்' என்றோ 'கண்ணாடி' என்றோ எழுதியிருக்கலாம். பக்கம் கிடைத்தால் படம் எடுக்க வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்கள். சனிக்கிழமை யீஷூன் பக்கம் வருவேன். பாக்கி இருந்தால் எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.


பேரேட்டுப் பேரன் | வியாழன், காலை 7.40

'கண்ணாடி' இருக்கிறார், அக்கா. மூன்று பக்கம். சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள், அம்மா இருப்பார். புத்தகத்தைத் தலைகீழாகத்தான் திறக்க வேண்டும்.